மூச்சு விடும்போது குறையும் அழுத்தம்: சிபாப் மெஷினில் அந்த 1, 2, 3 என்ன செய்கிறது?

தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு அடிக்கடி நிற்கும் ஸ்லீப் அப்னியாவுக்காக, மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் போட ஆரம்பித்தவர்களில் பலர் சொல்லும் முதல் குறை இதுதான்: மூச்சை இழுப்பது சுலபமாக இருக்கிறது, விடுவதுதான் கஷ்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாஸ்க்கை மாட்டிப் படுத்தால் காற்று தானாக உள்ளே வந்துவிடும். ஆனால் வெளியே விடும்போது எதிரே வரும் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் விட வேண்டும். நெஞ்சு நிரம்பியே இருப்பது போன்ற உணர்வு. தூக்கம் வருவதற்குள் அடுத்தடுத்த மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுவேன், எண்ண ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

இதற்காகவே பெரும்பாலான நவீன மெஷின்களில் ஒரு வசதி இருக்கிறது. மூச்சு விடும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும். இதைத்தான் இங்கே ரிலீஃப் என்று சொல்லப்போகிறேன். ரெஸ்மெட் மெஷினில் இதன் பெயர் ஈபிஆர். பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் மெஷினில் சி-ஃப்ளெக்ஸ், ஏ-ஃப்ளெக்ஸ் என்ற பெயர்களில் வரும். மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் 1, 2, 3 என்று மூன்று நிலைகள், இல்லையென்றால் ஆஃப். மெனுவில் இது ‘சௌகரியம்’ என்ற பகுதியில் இருப்பதால், ஈரப்பதம், குழாய்ச் சூடு மாதிரி இதுவும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அழுத்தம் என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். சிபாப் அழுத்தத்தை, அது எவ்வளவு உயர நீரைத் தாங்கும் என்பதை வைத்து, சென்டிமீட்டரில் சொல்வார்கள். வீட்டு மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை கொடுக்கும். 10 என்று வைத்துக்கொண்டால், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது மூச்சு விடுவதற்கு நாம் எந்த முயற்சியும் செய்வதில்லை. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கும், காற்று வெளியே போகும். பிறந்ததிலிருந்து முயற்சியே இல்லாமல் நடந்துவந்த ஒரு வேலைக்குத் திடீரென்று முயற்சி தேவைப்பட்டால் மூளை உடனே கவனித்துவிடும். அதனால்தான் அழுத்தம் அதிகமில்லாதவர்களுக்குக்கூட ஆரம்பத்தில் இது பெரிய தொந்தரவாகத் தெரிகிறது.

எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது நிலையான அழுத்தம் 8. ரிலீஃப் ஆஃப். ஆரம்பத்தில் அப்படியே ஓட்டினேன். காலையில் மெஷின் காட்டும் ஏஹெச்ஐ, அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு, 3-ஐ ஒட்டியே இருந்தது. 5-க்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். எண் நன்றாக இருந்தாலும் தூக்கம் நன்றாக இல்லை. பாதி ராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். மெஷின் கொண்டுவந்து கொடுத்த டெக்னீஷியனிடம் சொன்னபோது, “அது ஒண்ணும் இல்ல மேடம், ரிலீஃபை 3-ல வச்சுடறேன், ரொம்ப ஈஸியா இருக்கும்” என்று மாற்றிக்கொடுத்தார்.

உண்மையிலேயே சுகமாக இருந்தது. மூச்சு விட ஆரம்பித்ததும் எதிர்க்காற்று விலகிவிடும், அடுத்த மூச்சை இழுக்கும்போது திரும்ப வரும். அன்றிலிருந்து மாஸ்க்கைக் கழற்றுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஏஹெச்ஐ மெல்ல ஏறி 8-க்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம், ஜலதோஷம், மல்லாந்து படுத்தது, மாஸ்க் கசிவு என்று எத்தனையோ காரணம் இருக்கும். இது தொடர்ந்து அப்படியே இருந்தது. ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தால், கூடியிருந்தது முழுக்கத் தொண்டை அடைப்பால் வரும் தடைகள்.

டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். 8-ல் 3 போனால் 5. “உங்க தொண்டைக்கு மூச்சு விடும்போது கிடைக்கிறது 8 இல்லம்மா, 5” என்றார்.

இதுதான் மொத்த விஷயத்தின் மையம். மெஷின் திரையில் தெரியும் அழுத்தம் மூச்சு இழுக்கும்போது உள்ள அழுத்தம். ஈபிஆர் வகையில் மூச்சு விடும்போது இருப்பது, அதிலிருந்து ரிலீஃபைக் கழித்தால் வரும் எண். தொண்டை எந்த நேரத்தில் மூடிக்கொள்ளப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கழித்தல் ஏன் முக்கியம் என்பது புரியும். மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் நுரையீரலில் காற்று குறைவாக இருக்கும். நுரையீரல் நிரம்பியிருக்கும்போது மூச்சுக்குழாய் கீழ்நோக்கி இழுபட்டு, மேலே தொண்டையும் விறைப்பாகத் திறந்திருக்கும். காற்று வெளியேறியதும் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். தொண்டைத் தசைகளின் பிடிப்பும் அப்போது குறைவு. ஆக, தொண்டை மிகக் குறுகலாக இருப்பது மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில். அடுத்த மூச்சை இழுக்கத் தொடங்கும்போது ஏற்கெனவே குறுகிய பாதை ஒட்டிக்கொள்கிறது. அதே நேரத்தில்தான் ரிலீஃப் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது.

உறக்க ஆய்வகங்களில் இரு நிலை அழுத்தம் கொடுக்கும் பைபாப் மெஷினைச் சரிசெய்யும் முறையும் இதையேதான் சொல்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூச்சு முழுதாக அடைபட்டால் இழுக்கும் அழுத்தம், விடும் அழுத்தம் இரண்டையும் ஏற்ற வேண்டும். பாதி அடைப்பு, குறட்டை போன்றவற்றுக்கு இழுக்கும் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் போதும். முழு அடைப்பைத் தடுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது விடும்போது இருக்கும் அழுத்தம்தான் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

என் விஷயத்தில் டாக்டர் அழுத்தத்தை 9 ஆக்கி, ரிலீஃபை 2-க்குக் கொண்டுவந்தார். இழுக்கும்போது 9, விடும்போது 7. ஏஹெச்ஐ மறுபடி 4-க்குக் கீழே வந்துவிட்டது. சுகமும் பெரிதாகக் குறையவில்லை. அழுத்தம் ஏறியதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். உடம்பு உணர்வது இழுப்பதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் என்று பிறகு எனக்கே புரிந்தது.

ஆட்டோ மெஷின் வைத்திருப்பவர்கள், “அதுதான் தானாக ஏற்றிக்கொள்ளுமே” என்று கேட்கலாம். ஏற்றும். ரிலீஃப் வைத்தால் பல பேருக்கு மெஷினின் சராசரி அழுத்தம் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் குறட்டையோ தடையோ தலைகாட்டிய பிறகுதான் ஆட்டோ மெஷின் அழுத்தத்தை ஏற்றும். குறைந்தபட்ச அழுத்தம் ரொம்பக் கீழே இருந்தால், அது ஏறி வருவதற்குள் சில தடைகள் நடந்து முடிந்திருக்கும். அதனால் ரிலீஃபைக் கூட்டும்போது குறைந்தபட்ச அழுத்தத்தையும் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான சிபாப் மெஷின்கள் 4-க்குக் கீழே இறங்காது. அழுத்தம் 5-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலீஃப் 3 என்று வைத்திருந்தாலும், விடும்போது 2-க்குப் போகாது. 4-ல் நின்றுவிடும். உங்களுக்குக் கிடைப்பது 1 மட்டுமே. 4-லேயே ஓடினால் ரிலீஃப் ஒன்றுமே இல்லை.

இங்கேதான் ராம்ப் வந்து சேர்கிறது. படுத்தவுடன் அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறும் வசதி அது. பல மெஷின்களில் ராம்ப் 4-ல் ஆரம்பிக்கும்படி வைத்துக் கொடுப்பார்கள். பாவம், புதியவருக்கு மென்மையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் 4-ல் தொடங்கினால் அந்த நேரம் முழுக்க ரிலீஃப் வேலையே செய்யாது. போதாததற்கு, மாஸ்க்கில் உள்ள சின்னத் துளைகள் வழியாக நாம் விட்ட காற்று வெளியேற ஓரளவு அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் விட்ட காற்றின் ஒரு பகுதி திரும்ப உள்ளே வரும், போதுமான காற்று வராதது போலத் திணறும். ‘மெஷின் போட்டாலே மூச்சு முட்டுகிறது’ என்று சொல்லும் பலருக்கு உண்மையான பிரச்சினை அழுத்தம் அதிகமாக இருப்பது இல்லை, தொடக்க அழுத்தம் குறைவாக இருப்பதுதான். ராம்ப்பை 6 அல்லது 7-ல் ஆரம்பித்துப் பாருங்கள் என்று நான் சொல்லி, அதை டாக்டரிடம் கேட்டு மாற்றிய இரண்டு தோழிகளுக்கு மூச்சு முட்டல் போயேவிட்டது.

ரிலீஃபை ராம்ப் நேரத்தில் மட்டும் வேலை செய்யும்படியும் வைக்கலாம், இரவு முழுக்கவும் வைக்கலாம். ரெஸ்மெட் மெஷினில் இரண்டு தேர்வும் உண்டு. தூங்கும் வரைதான் எதிர்க்காற்று தொந்தரவு, தூங்கிய பிறகு ஒன்றும் தெரிவதில்லை என்பவருக்கு ‘ராம்ப் மட்டும்’ அருமையான வழி. தூங்கும்போது முழு அழுத்தமும் தொண்டைக்குக் கிடைத்துவிடும், கழித்தல் கணக்கே தேவையில்லை. நடுவில் விழித்து மறுபடி தூங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது பத்தாது. நான் அந்த ரகம் என்பதால் இரவு முழுக்க வைத்திருக்கிறேன்.

என் அண்ணனும் சிபாப் போடுகிறார், வேறு கம்பெனி மெஷின். ஒரு நாள் போனில், “உன் 3-ம் என் 3-ம் ஒண்ணுதானே? நானும் உன்னை மாதிரி 2 ஆக்கிடட்டுமா?” என்று கேட்டார். “இல்லண்ணா, அவசரப்படாதீங்க. நம்பர் ஒண்ணா இருந்தாலும் உள்ளே நடக்கிறது வேற” என்றேன்.

ஈபிஆரில் 1, 2, 3 என்பது நேரடியாக அழுத்த அளவு. 3 என்றால் 3 சென்டிமீட்டர் இறங்கும், நாம் மூச்சை விட்டு முடிக்கும் வரை ஏறத்தாழ அப்படியே கீழே இருக்கும், இழுக்கத் தொடங்கும்போது ஏறும். அதனால்தான் இதை ஒரு சின்ன பைபாப் என்றே அனுபவசாலிகள் சொல்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வகையில் 1, 2, 3 என்பது நிலைகள் மட்டும், அழுத்த அளவு இல்லை. நீங்கள் எவ்வளவு வேகமாக மூச்சை விடுகிறீர்களோ அதற்கு ஏற்ப அழுத்தம் இறங்கும். பலமாக விட்டால் அதிகம், மெதுவாக விட்டால் குறைவு. மூச்சை விட்டு முடிப்பதற்கு முன்பே அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தொண்டை குறுகும் அந்தக் கடைசிக் கட்டத்தில் முழு அழுத்தமும் இருக்கட்டும் என்பது அந்த வடிவமைப்பின் நோக்கம். இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். மூச்சு விடும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒருவர் மெஷினின் எண்ணை இன்னொரு கம்பெனி மெஷினில் அப்படியே வைப்பதில் அர்த்தமில்லை. மெஷினை மாற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். பழைய மெஷினில் சுகமாக இருந்த எண் புதியதில் வேறு விதமாகத் தெரிந்தால், மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

அண்ணன் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவர் ரிப்போர்ட்டில் மீதமிருந்தவை பெரும்பாலும் ‘சென்ட்ரல்’ வகைத் தடைகள். தொண்டை திறந்தே இருக்கும், மூளை மூச்சு இழுக்கச் சொல்லும் கட்டளையை அனுப்பாததால் மூச்சு நிற்கும். இது வேறு கதை. இழுக்கும் அழுத்தத்துக்கும் விடும் அழுத்தத்துக்கும் இடைவெளி கூடும்போது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கூடுதல் காற்று போய்வரும். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்சு இழுக்கச் சொல்லி மூளையைத் தூண்டுவதே அந்த வாயுதான். சிலருக்கு அது போதுமான அளவு இல்லாமல் போனால், மூளை சிறிது நேரம் சும்மா இருந்துவிடும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ரிலீஃபைக் கூட்டிய பிறகு சென்ட்ரல் எண்ணிக்கை ஏறினால், அதைக் குறைத்துப் பார்ப்பது டாக்டர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று. அண்ணனுக்கும் அவருடைய டாக்டர் ரிலீஃபை 1 ஆக்கினார். சிபாப் புதிதாகத் தொடங்கும்போது வரும் சென்ட்ரல் தடைகள் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் பொறுத்தும் பார்ப்பார்கள். இதய பலவீனமோ, நாள்பட்ட நுரையீரல் நோயோ, தசை நரம்பு நோயோ உள்ளவர்கள் இந்த எண்ணைத் தாங்களாகத் தொடவே கூடாது. அவர்களுக்கு அழுத்த இடைவெளி சௌகரியம் சம்பந்தப்பட்டது இல்லை, சிகிச்சையே அதுதான்.

மறுபக்கமும் உண்டு. ரிலீஃப் சிலருக்குச் சிகிச்சையையே மேம்படுத்துகிறது. முழுத் தடை இல்லாமல், மூச்சு இழுக்கும்போது பாதை குறுகி இழுவை மட்டும் அதிகமாக இருப்பவர்களுக்கு ஈபிஆர் 3 தரும் சின்ன உந்துதல் உதவலாம். வயிற்றில் காற்று புகுந்து காலையில் உப்பசத்தோடு எழுந்திருப்பவர்களிலும் சிலருக்கு நிம்மதி தரும். எனக்கு அந்தத் தொந்தரவு கொஞ்சம் இருந்தது, ரிலீஃப் வைத்த பிறகு குறைந்தது.

எல்லோருக்கும் ரிலீஃப் தேவையா என்றால், இல்லை. 2019-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மதிப்பாய்வு பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மூச்சு விடும்போது அழுத்தம் குறைக்கும் வசதி, மக்கள் மெஷினைப் பயன்படுத்தும் நேரத்தைச் சராசரியாகக் கூட்டுகிறது என்பதற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சராசரி என்பது சராசரிதான், என் மாதிரி ஒருவருக்கு அது மாஸ்க்கைக் கழற்றாமல் தூங்க வைத்தது. ஆனால் ரிலீஃப் ஆஃபிலேயே நன்றாகத் தூங்குகிறவர், ஏதோ ஒரு வசதியை விட்டுவிட்டோமோ என்று அதைப் போய்ச் சீண்ட வேண்டியதில்லை.

மாற்றிப் பார்க்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் உதவிய சில விஷயங்களைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும். ரிலீஃபையும் மாஸ்க்கையும் ஈரப்பதத்தையும் ஒரே இரவில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது. மாற்றிய பிறகு குறைந்தது ஒரு வாரமாவது விட்டுப் பார்க்க வேண்டும், ஓர் இரவின் எண்ணை நம்பக் கூடாது. மாற்றுவதற்கு முன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதிவைத்தால், திரும்பிப் போவது சுலபம். சில மெஷின்களில் ரிலீஃபை நாமே மாற்றலாம், சிலவற்றில் டாக்டருக்கான மெனுவுக்குள் இருக்கும்.

காலையில் திரையில் தெரியும் மொத்த ஏஹெச்ஐயோடு நிறுத்தாமல், அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தொண்டை அடைப்பு கூடியதா, சென்ட்ரல் கூடியதா என்பதைப் பொறுத்து அடுத்த முடிவு அடியோடு மாறும். எஸ்டி கார்டு உள்ள மெஷின் என்றால், ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் கார்டைப் போட்டு ஒவ்வொரு மூச்சின் வரைபடத்தையும் பார்க்கலாம். இழுக்கும்போது அழுத்தம் ஏறுவதும் விடும்போது இறங்குவதும் அதில் கண்ணால் தெரியும். என் கழித்தல் கணக்கை நான் முழுதாக நம்பியது அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான். டாக்டரிடம் போகும்போது அந்தப் படத்தை எடுத்துப்போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

கசிவையும் கவனியுங்கள். நாம் மூச்சு விட ஆரம்பித்துவிட்டோம் என்பதை மெஷின் காற்றோட்டத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. மாஸ்க் ஓரமாகவோ வாய் வழியாகவோ காற்று அதிகம் கசிந்தால் அந்தக் கணிப்பு தடுமாறும். நாம் விடும்போது அழுத்தம் ஏறுவதும் இழுக்கும்போது இறங்குவதுமாகத் தாளம் தப்பும். ரிலீஃப் ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் மாஸ்க் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே, ரிலீஃப் வைத்தால் காற்றுச் சத்தம் சீராக இல்லாமல் ஏறி இறங்கும். பக்கத்தில் படுப்பவருக்கு அது முதல் சில நாள் புதிதாக இருக்கும். என் கணவர், “என்னம்மா, மெஷின் மூச்சு விடுது?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

3 வைத்தும் பத்தவில்லை, அழுத்தத்தை இறக்கினால் தடைகள் கூடுகின்றன என்ற நிலையில் இருப்பவர்கள் மனம் விட்டுப்போய் மெஷினை ஓரங்கட்டிவிடுகிறார்கள். அழுத்தம் 15, 16 என்று தேவைப்படுபவர்களிடம் இதை அதிகம் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வழி முடிந்துவிடவில்லை. பைபாப்பில் இழுக்கும் அழுத்தத்தையும் விடும் அழுத்தத்தையும் தனித்தனியாக வைக்கலாம். நான் சொன்ன அதே வழிகாட்டுதலில் இரண்டுக்கும் இடையே 4 முதல் 10 வரை இடைவெளி பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது, சிபாப் ரிலீஃபால் எட்ட முடியாத அளவு அது. அதிக அழுத்தத்தைத் தாங்க முடியாதவர்களை அதற்கு மாற்றலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மெஷினை அலமாரியில் வைப்பதற்கு முன், விடும்போது எனக்கு எந்த அழுத்தம் கிடைக்கிறது, அது போதுமா, பைபாப் எனக்குப் பொருந்துமா என்ற மூன்றையும் உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.